மருமகளுக்கு மணி கிடையாது

“தெரியாத நம்பர் எதுவும் இனி அடிக்காதும்மா. ‘லோன் வேணுமா’, ‘பரிசு விழுந்திருக்கு’ன்னு வர்ற மெசேஜெல்லாம் தானா ஓரமாப் போயிரும். போதுமா?”

ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமென்று காரைக்குடிக்கு வந்திருந்த சிவரஞ்சனி, அம்மாவின் போனை நீட்டினாள்.

நாகவல்லி ஆச்சி கையில் வாங்கவில்லை.

“இன்னும் ஒரு நம்பர் இருக்கு. நம்ம கிருத்திகா.”

சிவரஞ்சனி நிமிர்ந்து பார்த்தாள். கிருத்திகா, சென்னையில் இருக்கும் தம்பி பெண்டாட்டி.

“மருமக போனைத் தடுக்கணுமா?”

“தடுக்காத. அவ கூப்பிட்டா அங்குட்டு ரிங் போகணும். இங்குட்டு எனக்குக் கேக்கக் கூடாது.”

“கல்யாணமானதும் தனிக்குடித்தனம்னு அடுப்பை வேறு வச்சுக் குடுத்த. இப்பப் போன்லயும் வேறு வைக்கிறியாக்கும். அவ என்னம்மா பண்ணுனா? தினம் ஏழு மணிக்குத் தவறாமக் கூப்பிடுறா.”

“அதான் சங்கடமே. மணி கேட்டா என் கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையச் சிவசிவா. உள்ளுக்குள் இவ்வளவு இருக்கிறதா? சிவரஞ்சனி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கேட்டபடியே செய்துகொடுத்தாள்.

ஏழு மணி. போனில் வெளிச்சம் வந்தது. கிருத்திகா. சத்தமே இல்லை.

பூக் கட்டிக்கொண்டிருந்த ஆச்சி எட்டிப் பார்த்தாள். வெளிச்சம் அணைந்ததும், “நின்னுருச்சு” என்று சிரித்தாள்.

“சாமிக்குப் பூக் கட்டுற கையா இது?”

“அவரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு.”

சிவரஞ்சனிக்குப் பொறுக்கவில்லை. முற்றத்துக்குப் போய்த் தன் போனில் கிருத்திகாவைக் கூப்பிட்டாள்.

“மனசுல வச்சுக்காத கிருத்திகா. அம்மா வேணும்னுதான் எடுக்கல. சத்தம் வராம வச்சுக் குடுத்தது நான்தான்.”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

“நீங்கதான் வச்சுக் குடுத்தீகளா அண்ணி? புண்ணியமாப் போச்சு. நேத்து அத்தை மறந்துபோய் எடுத்துட்டாக. என்ன பேசுறதுன்னு தெரியாம ரெண்டு பேரும் அரை மணி நேரம் முழிச்சோம்.”

“என்னடி சொல்ற?”

“ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழட்டுறதுக்குள்ள, ‘அம்மாகிட்டப் பேசுனியா’ன்னு உங்க தம்பி கேட்டுருவாக. தினம் பேச எனக்கு என்ன இருக்கு? அத்தைகிட்டயே சொல்லிட்டேன். ‘நீ பாட்டுக்குக் கூப்பிடு, நான் எடுக்கல. கூப்பிட்டேன், எடுக்கலைன்னு பொய்யில்லாமச் சொல்லிட்டு, காலை நீட்டி உக்காரு’ன்னுட்டாக.”

“இதை அம்மா அவன்கிட்டயே நேராச் சொல்லிரலாம்ல?”

“நானும் அதைத்தான் கேட்டேன், சிரிச்சுக்கிட்டாக. வைக்கிறேன் அண்ணி, அத்தை போன் எடுக்கலைன்னதும் பதறிப்போய் உங்க தம்பியே அத்தையைக் கூப்பிடுறாக. கல்யாணமாகி மூணு வருசத்துல, இந்த வாரந்தான் அவுகளா அம்மாவுக்குப் போன் போடுறாக.”