மங்கலான கேமரா

"வாப்பா, உங்க மூஞ்சியே தெரியல. அந்த நெட்புக்க எப்பதான் தூக்கிப் போடுவீங்க?" சிதம்பரத்திலிருந்து வீடியோவில் கத்தினாள் மகள் ஷஹனாஸ்.

"ஏம்மா? வெயிட்டே இல்ல. சார்ஜ் நாள் முழுக்க நிக்குது" என்றார் தமீம் அன்சாரி.

"அடிக்கடி ஹேங் ஆவுது. கேமரா ஒரே மங்கல். பின்னாடி இருக்கறது சுவரா ஜன்னலான்னே தெரியல. போன்ல வாங்கன்னாலும் வரமாட்டேங்கறீங்க. புது லேப்டாப் வாங்கிட்டேன். நாளைக்கு ஹசன் மாமா துபாய் வர்றாரு, உங்க ரூமுக்கே வந்து குடுப்பாரு."

அவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "வேணாம்மா! நான் ரூம் மாறப் போறேன். இதுவே போதும்."

"புதுசுன்னா ஏன் இப்படிப் பயப்படறீங்க?"

"அப்புறம் பேசறேன்" என்று நெட்புக்கைச் சட்டென்று மூடினார்.

துபாய்க் கம்பெனி அவரைத் திருப்பி அனுப்பி மூன்று மாதமாகிறது. வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். பின்னாலிருந்த ஜன்னலுக்கு வெளியே, கடலூர் சிப்காட் வாசலில், சிதம்பரம் பஸ் வந்து நின்றது.

படியில் தொங்கிய கண்டக்டர் வழக்கம்போலக் கேட்டார்:

"என்ன வாட்ச்மேன் பாய், இன்னிக்கும் ஊருக்கு வரலயா?"