பள்ளத்துக் கரையில் ஒரு கொக்கு

பாலைவன நகரத்துக்கு வெளியே, சாலை போடத் தோண்டிய பள்ளத்தில் போன வாரத்து மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு கரையில் ஒரு மனிதர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்க்கரையில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது.

தண்ணீர் குடிக்க வந்த ஒட்டகம் கேட்டது. "என்ன கொக்கண்ணே, மூணு நாளா இங்கேயே நிக்கிறீங்க?"

"மீனுக்குத்தான். ஊர்லேர்ந்தே அந்த மனுஷன் தலைக்கு மேலேயே பறந்து வந்தேன். தூண்டிலைத் தூக்கிட்டு இவ்வளவு தூரம் நடக்கிறவருக்கு இடம் தெரியாமலா இருக்கும்?"

ஒட்டகம் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னது. "நேத்து அவர் போன்ல பேசினதைக் கேட்டேன். கொக்கு பறந்த பக்கமாவே நடந்து வந்தாராம். மீன் இல்லாத இடத்துல கொக்கு நிக்குமான்னு யார்கிட்டயோ பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தார்."

கொக்கு காலை மாற்றி நின்றது. அதன் வயிறு ஒட்டிப் போயிருந்தது.

"மழைக்கு முந்தின நாள்வரைக்கும் இந்தப் பள்ளத்துல நான்தான் படுத்துத் தூங்கினேன்" என்றது ஒட்டகம்.

கொக்கு மெல்லச் சிறகை விரித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு மீன்கொத்தி பக்கத்தில் வந்து இறங்கியது.

"அண்ணே, இங்கே மீன் நல்லாக் கிடைக்குமா?"

கொக்கு விரித்த சிறகை மடித்துக்கொண்டது.

"இது என் இடம் தம்பி. நீ கொஞ்சம் தள்ளி நில்லு."