கட்டைவிரல் பள்ளம்

"மாத்தலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தீங்க. நான் மாத்திட்டேன்," என்றாள் மனைவி.

ஹால் மூலையில் நின்ற கோல்ஃப் பையை அவன் திரும்பிப் பார்த்தான்.

உள்ளே இறந்துபோன அப்பாவின் கிளப்புகள், கோல்ஃப் மட்டைகள். நேற்றுவரை அவற்றின் கைப்பிடி ரப்பர் நைந்து, பிசுபிசுத்து, தொட்டவர் கையையெல்லாம் கரியாக்கிக்கொண்டிருந்தது. இன்று ஒவ்வொன்றிலும் புது கிரிப். கறுப்பாக, பளபளவென்று, யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி.

"பழசு எங்கே?"

"கடைக்காரர் கத்தியால கிழிச்சுத்தான் எடுத்தார். கிழிச்சதை மறுபடி மாட்ட முடியாதாம். அங்கேயே குப்பையில போட்டாச்சு."

"அதுல அப்பாவோட விரல் இருந்தது."

விரல் என்றால் விரலின் பள்ளம். காலமெல்லாம் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்ததில், அவருடைய இடது கட்டைவிரல் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டிருந்தது. லேசாகக் கோணிய விரல், லேசாகக் கோணிய பள்ளம். சாயங்காலமானால் அம்மா ஒரு கிளப்பை உருவி, அந்தப் பள்ளத்தில் தன் விரலைப் பொருத்திக்கொண்டு, அதையே கைத்தடியாக ஊன்றி ஹாலில் நடப்பாள்.

"அந்த நைஞ்ச ரப்பர் கையில சுழண்டுதான் அத்தை போன வாரம் விழப் பார்த்தாங்க. சுவர் இருந்ததால பிழைச்சாங்க. அடுத்த தடவை இடுப்பு உடைஞ்சா அந்த விரல் வந்து தூக்குமா?"

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"உங்ககிட்ட மாசக்கணக்கா கேட்டேனே. அதுக்கே பதிலைக் காணோம்."

"உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"அப்பா மேல இவ்வளவு பாசம் இருக்கிறவர், அவர் இருந்தப்ப ஒரு நாளாவது கூட விளையாடப் போயிருக்கலாமே."

அதோடு பேச்சு நின்றது. நின்றது என்றால் சுத்தமாக நின்றது.

அன்று சாயங்காலம் அம்மா கிளப்பை உருவினாள். விரல் மேலும் கீழும் தடவித் தேடியது. கிளப்பைப் பையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவன் மனைவியை ஒரு பார்வை பார்த்தான். அதன் பிறகு அந்தப் பக்கமே பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டான்.

சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால் சுவரிடம் கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் கார் எடுத்துட்டு வர்றார். நான் கிளம்பறேன்," என்று அவளும் அதே சுவரிடம் சொன்னாள். "திரும்பி வர்றதா இல்ல."

அலமாரி மேலிருந்து பெட்டி இறங்கியது.

வியாழக்கிழமை காலையில் அம்மா தணிந்த குரலில் கூப்பிட்டாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் இங்க வாங்க."

அவள் கையில் ஒரு கிளப். புது கிரிப்பின் மேல்பக்கத்தில், ஒரு விரல் அகலத்துக்கு ஒரு நிழல்.

"தொட்டுப் பாரு."

தொட்டான். நிழல் இல்லை, பள்ளம். லேசாகக் கோணியிருந்தது. அவன் பிடரியில் ஈரத்துணி பட்டது போலிருந்தது.

"கடையிலேயே அப்படி இருந்திருக்கும்," என்றான் சுவரைப் பார்த்து.

"இல்ல. ஒவ்வொண்ணா தடவிப் பார்த்துத்தான் வாங்கிட்டு வந்தேன்." என்றாள் மனைவி.

"உங்கப்பா வந்துட்டுப் போயிருக்கார்," என்றாள் அம்மா, தபால்காரர் வந்துபோனதைச் சொல்வதுபோல.

மறுநாள் பள்ளம் இன்னும் ஆழமாகியிருந்தது. பக்கத்துக் கிளப்பிலும் ஒன்று விழ ஆரம்பித்திருந்தது.

அவன் பையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தான். ஆபீஸ் போய்விட்டு வந்து பார்த்தால் அது ஹாலைப் பார்த்து நின்றது.

"எனக்குப் பயமா இருக்குங்க," என்று மனைவி முதல்முறையாக நேராக அவனிடமே சொன்னாள். நாக்கு நுனிவரை வந்த பதிலை அவன் விழுங்கிக்கொண்டான்.

"என்னத்துக்குப் பயம்?" என்றாள் அம்மா. "கோபமா இருந்தா பழசைத் தேடிக்கிட்டு அலைஞ்சிருப்பார். புதுசுல கை வெச்சிருக்கார்னா மனசுக்கு ஒத்துப்போச்சுன்னு அர்த்தம். மருமக செஞ்சது சரிதான்னு சொல்றார்."

"யார்கிட்ட சொல்றார்?" என்று கேட்டான்.

"சொன்னா காதுல போட்டுக்காதவன்கிட்ட."

சனிக்கிழமை மத்தியானம். அம்மா தூங்கப் போயிருந்தாள். மனைவி அறைக்குள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்து அறையில் பேப்பரை வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான்.

ஹாலிலிருந்து ஒரு சத்தம்.

சர்ர்... சர்ர்...

முட்டிவலி வந்த பிறகு அப்பா செருப்பை இழுத்து இழுத்து நடப்பார். அச்சாக அதே சத்தம். கொஞ்ச தூரம் நடந்து, மூச்சு வாங்க நின்று, மறுபடியும் இழுத்தது.

அவன் எழுந்து வெளியே வந்தான். எதிர் வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி மடித்த துணி. முகத்தில் ரத்தமே இல்லை.

சர்ர்... சர்ர்...

"உனக்கும் கேக்குதா?" என்றான்.

அவள் தலையாட்டினாள். அவன் தன்னிடம்தான் கேட்டான் என்பது புரிய அவளுக்கு ஒரு நொடி பிடித்தது.

"தனியா நிக்காதே. என் கூட வா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சில்லென்றிருந்தது. இருவரும் அடிமேல் அடி வைத்துப் போய், ஹால் திரைச்சீலையை ஒரு விரற்கடை விலக்கினார்கள்.

பைக்குப் பின்னால் தரையில் காலை நீட்டி அம்மா உட்கார்ந்திருந்தாள். மூக்கு நுனியில் கண்ணாடி. மடியில் ஒரு கிளப். ஒரு துண்டு உப்புத்தாளால் புது ரப்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புடவையெல்லாம் கறுப்புத் தூள்.

தூளை ஊதிவிட்டு, கிளப்பை வாயருகே கொண்டுபோய், அப்பாவிடமே ரகசியம் பேசுவதுபோலச் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க. நான் சொன்னா எங்க கேக்கறான்? நீங்க சொன்னதாச் சொன்னாத்தான் இவன் பொண்டாட்டியோட பேசுவான்."