ஆமை இல்லாத புத்தகம்

"அண்ணே, அந்த ஆமை எங்கண்ணே?"

மடியில் கிடந்த பழைய ஆங்கில மாயக்கதைப் புத்தகத்தைத் தட்டிக் கேட்டாள் கிறிஸ்டல். கெரெத்தாவை ஓட்டிக்கொண்டிருந்த பேட்ரிக் ஹாரனை அடித்தான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறு வாங்க வந்தவர்களின் வண்டிகள் வழியை அடைத்து நின்றன. ஞாயிறு பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"எந்த ஆமை?"

"தெரியாத மாதிரி பேசாதலா. இளவரசிய முதுகுல ஏத்திக்கிட்டு பனிமலைக்குச் சண்டைக்குப் போகுமே, அந்த ராட்சச ஆமை. இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் நானே வாசிக்கிறேன். கடைசிவரைக்கும் பாத்துட்டேன், ஆமையே இல்ல."

அந்த நாளில் அவள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. ஆங்கிலம் சுத்தமாக வராது. இடைநிலைப்பள்ளியில் படித்த அண்ணன்தான் சாயங்காலமானால் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்வான். அந்தக் கதை என்றால் அவளுக்கு உயிர்.

"புது பதிப்புல வெட்டியிருப்பாங்க."

"இது உன்னோட புஸ்தகம்ணே. அம்மா அலமாரியிலருந்து எடுத்தேன். மொதப் பக்கத்துல உன் பேரு இருக்கு."

சமாளிப்பதில் பேட்ரிக் கெட்டிக்காரன். இன்றைக்கு அந்தக் கெட்டிக்காரத்தனமும் கைகொடுக்கவில்லை.

"ஸ்டெஃபனிக்கு ஆமை கதையச் சொல்லித்தான் சோறு ஊட்டுனேன். நேத்து அவளே வாசிச்சுப் பாத்துட்டு, மம்மி பொய் சொல்லிட்டீங்கன்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? ஏண்ணே இல்லாதத இட்டுக்கட்டிச் சொன்ன?"

மகளிடம் பொய்க்காரி ஆனதைவிட, தன்னை ஆளாக்கிய கதையே பொய் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தேவாலய வாசலில் வண்டியை நிறுத்திய பேட்ரிக், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான்.

"அந்த இளவரசி ஓடிக்கிட்டே இருக்கா, கிறிஸ்டல். மொதப் பக்கத்துலருந்து ஓடுறா, தாவுறா, மலை ஏறுறா. அத ஒங்கிட்ட வாசிக்க எனக்கு வாய் வரல."

கிறிஸ்டல் அவன் தோளைத் தொட்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். ஆறு வயதில் இரண்டு கால்களும் செயலிழந்த தங்கையைத் தூக்கி உட்கார வைக்க, வண்டியின் பின்கதவைத் திறந்து சக்கர நாற்காலியை எடுத்து விரித்தான்.