சிவப்பு ஆச்சரியக்குறி

மாரிச்செல்விக்கு மறுமணம் நிச்சயமான படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் வாழ்த்துகள் குவிந்தன. இறந்துபோன கணவனின் அம்மா பேச்சியம்மாள் மட்டும் ஒரு சொல்லும் எழுதாமல், சிவப்பு ஆச்சரியக்குறி ஒன்றைப் போட்டிருந்தாள்.

"எச்சரிக்கைதாம்ட்டி அது. ரோட்டுல ஆபத்துன்னு வைக்கிற போர்டுல இதான இருக்கு" என்றாள் அக்கா.

"கோவத்துல கத்துறாவ" என்றார் அப்பா.

மாரிச்செல்விக்கு இரண்டும் ஒட்டவில்லை. கோபமென்றால் அத்தை நேரில் வந்தே ஏசிவிட்டுப் போகிறவள். பிறகு என்னதான் சொல்ல வந்தாள்? கேட்டுவிடுவதென்று பஸ் ஏறினாள்.

பேச்சியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாரிச்செல்வி போனை நீட்டினாள்.

"அத்தே, இதை எதுக்குப் போட்டிய?"

பேச்சியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"பொட்டுல்லாட்டி அது. அவன் போனப்புறம் நீ ஒண்ணுமே வைக்கலயே. நிச்சயதார்த்தப் படத்துலயும் வெறும் நெத்திதான். குங்குமத்த நீட்டி இழுத்து, கீழ புள்ளி வச்ச மாதிரி இது ஒண்ணுதான் போனுக்குள்ள கெடந்துது." குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நான் வைக்கக் கூடாதோ?"

மாரிச்செல்வி போனைக் கீழே வைத்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அத்தையின் எதிரே உட்கார்ந்தாள்.