ஒன்பது குண்டு

ஏடன் துறையில் நின்ற பாய்மரப் படகில், கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே, முண்டாசை இழுத்து முகத்தை மறைத்தபடி உட்கார்ந்திருந்தார் அந்த வியாபாரி.

"சீக்கிரம் பாயை விரிப்பா."

"உங்களுக்கென்ன சாச்சா, நினைச்ச சீமைக்குப் போறீங்க" என்றான் படகோட்டி பராஜ். "நம்ம சுல்தானைப் பாருங்க, வெள்ளைக்காரன் சீட்டு கொடுக்காம கடல் தாண்ட முடியாது. பாவம்!"

கரை விலகியது. அவர் மூச்சு விட்டார்.

திடீரென்று கோட்டையில் பீரங்கி முழங்கியது. பராஜ் விரல்விட்டு எண்ணினான்.

"ஒன்பது! சுல்தான் கிளம்பினாத்தான் இத்தனை மரியாதை. எங்க, ஆளையே காணோமே?"

வெள்ளைக்காரனின் விசைப்படகு அவர்களை நோக்கிச் சீறி வந்தது. அதிகாரி சிரித்தபடி சல்யூட் அடித்தான்.

முண்டாசை மெல்ல அவிழ்த்தார் அவர். ஏழு குண்டு கேவலம், ஒன்பது வேண்டும் என்று பத்து வருஷம் மனுப்போட்டு வாங்கியதும் அவரேதான்.