சீட்டுக்கு அடியில்

முத்துமாரி ஏறி உட்கார்ந்தால் போதும், புல் வெட்டும் வண்டியின் இன்ஜின் பொசுக்கென்று அணைந்துவிடும். அதே சீட்டில் ஆள் தாட்டியான மாரிராஜ் உட்கார்ந்தால் ஜம்மென்று ஓடும்.

"ஏளா, வண்டிக்கே உன்னையப் பிடிக்கல!" கிளப் மைதானமே சிரித்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இருவரும் அங்கே தோட்ட வேலைதான். வண்டி ஓட்டும் வேலையோ ஒருவருக்குத்தான். நாளைக்கு மேனேஜர் ராஜதுரை முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் நல்லக்கண்ணு யார்? மாரிராஜைப் பெற்ற அப்பா! நியாயம் எங்கேயிருந்து வரும்?

மழைக்கு முந்தைய சர்வீஸ் என்று நல்லக்கண்ணு அன்று முழுக்க வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தார். ஆயில் மாற்றினார். ஃபில்டரை ஊதினார். பிளக்கைத் தேய்த்தார். உப்புக்காற்றில் ஏறிய துருவைச் சுரண்டினார். கடைசியில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சீட்டுக்கு அடியில் எதையோ செருகினார்.

முத்துமாரி பார்த்துவிட்டாள்.

'அட பாவி மனுசா! மவனுக்காக இம்புட்டு வேலையா?'

அவர் டீ குடிக்கப் போனதும் ஷெட்டுக்குள் புகுந்து சீட்டைத் தூக்கினாள். ஒரு ரப்பர் துண்டு. பிடுங்கி, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே வீச்சு! நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் முதலில் அவள் முறை. சாமியைக் கும்பிட்டுவிட்டு ஏறினாள். இன்ஜின் உறுமியது. நிற்கவே இல்லை! மைதானத்தைச் சுற்றி வந்து கோடு போட்ட மாதிரி வெட்டித் தள்ளினாள். அடுத்து மாரிராஜ் ஓட்டினான். வளைவிலெல்லாம் புல் தப்பிவிட்டது.

"முத்துமாரிக்குத்தான் வேலை" என்றார் ராஜதுரை.

சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே நல்லக்கண்ணுவிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, உங்க தில்லுமுல்லு பலிக்கல. சீட்டுக்கு அடியில வச்சீங்கள்ல, அத நேத்தே பிடுங்கி எறிஞ்சிட்டேன்!"

அவர் பதறிப்போனார். "கூறுகெட்டவளே! ஆள் உக்காந்து அடியில உள்ள சுவிட்ச் அமுங்குனாத்தான் இன்ஜின் ஓடும். உன் வெயிட்டுக்கு அது அமுங்க மாட்டேங்குன்னுதான் அந்த ரப்பரயே வச்சேன். எம்மவன் மனசு சங்கடப்படுவானேன்னு வெளிய சொல்லல. அது இல்லாம எப்படி ஓடுச்சு?"

சீட்டைத் தூக்கினார். ரப்பர் துண்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

முத்துமாரி அதைத் தொட்டுப் பார்த்தாள். மெல்லத் திரும்பினாள்.

முழங்கை வரை சிராய்ப்புகளோடு நின்றிருந்த மாரிராஜ், அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏளா, அப்பா வச்சதயும் பாத்தேன், நீ எறிஞ்சதயும் பாத்தேன். எறியுறதுதான் எறிஞ்ச, முள்ளுக்காடு இல்லாத பக்கமாப் பாத்து எறிஞ்சிருக்கக் கூடாதா? தேடி எடுத்து வைக்கதுக்குள்ள கையப் பாரு!"